வெறுங்கையோடு கடல் வரை

ஓங்காரேஸ்வர்

நர்மதையை வலம் வருகிறவர்கள் பணத்தை நம்பிப் போகக் கூடாது என்பது பழைய விதி. அமர்கண்டகத்தில் பிறந்து பரூச்சுக்கு அப்பால் கடலில் கலக்கும் அந்த நதியின் நீளம் 1,312 கிலோமீட்டர். ஒரு கரையோடு கடல் வரை இறங்கி, கழிமுகத்தைப் படகில் தாண்டி, மறுகரையோடு ஏறி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். நதி எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். நடுவில் எங்கும் அக்கரைக்குப் போகக் கூடாது. முறைப்படி நடந்தால் மூன்று ஆண்டு, மூன்று மாதம், பதின்மூன்று நாள். இப்போது பலரும் ஒரே பனிக்காலத்தில் முடித்துவிடுகிறார்கள். பஸ்ஸில் சுற்றி வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நடப்பவர்களுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஜபல்பூரைச் சேர்ந்த ஓவியரும் எழுத்தாளருமான அம்ருத்லால் வேகட் 1977-இல் தொடங்கித் துண்டு துண்டாக நடந்து எழுதினார். அந்த வழிதான் எனக்கும் சரிப்பட்டது: ஓங்காரேஸ்வரிலிருந்து கடல் வரை, தென்கரை மட்டும்.

படித்துறையில் சங்கல்பம் செய்துவைத்த பண்டா என்னும் புரோகிதருக்கு என்னைப் பார்த்ததும் சந்தேகம். "இந்தி சரியாக வரவில்லை. பணமும் இல்லை என்கிறாய். வழியில் எப்படிப் பேசுவாய்?"

"நர்மதே ஹர் சொல்லத் தெரியும்."

"அப்புறம் என்ன, போ" என்று சொல்லிக் குப்பியில் நதிநீரை நிரப்பிக் கொடுத்தார். கையிலிருந்த கடைசி நோட்டு அவருக்குத் தட்சிணையாகப் போயிற்று. போனில் இருந்த பணம் அனுப்பும் செயலிகளை முந்தின இரவே நீக்கியிருந்தேன்.

காலையில் டீக்கடை வாசலில் கால் தானாக நின்றது. இஞ்சி தட்டிப் போட்ட பால் கொதிக்கிறது. கை சட்டைப்பைக்குப் போய்த் திரும்பி வந்தது. கேட்கக் கூச்சப்பட்டு நகர்ந்தால், பின்னாலிருந்து கடைக்காரர் அதட்டுகிறார்: "நர்மதே ஹர், பாபாஜி! சாய் குடிக்காமல் எங்கே ஓடுகிறீர்?" வெள்ளை வேட்டி, மூங்கில் தடி, தண்ணீர்க் குப்பி, இந்த மூன்றையும் பார்த்தால் இங்கே வேறு அறிமுகம் வேண்டியதில்லை.

என்னோடு டீ குடித்தவர் சாங்லிக்காரர். மகாராஷ்டிர அரசுப் பேருந்தில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நதி முழுவதையும் வலம் வரும் பரிக்ரமா போகிறார். என்னைவிட எப்படியும் பத்து வயது மூத்தவர். இருந்தாலும் தென்னாட்டுக்காரன் என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து என்னை "அண்ணா" என்றே கூப்பிட்டார். கடல் வரை சேர்ந்தே நடந்தோம்.

பகாவா, பட்யான்

ஓங்காரேஸ்வருக்கு மேற்கே நிமாட் சமவெளி. கரிசல் மண், வெடித்த பருத்தி, களத்தில் காயும் மிளகாய். கோவில்பட்டிப் பக்கத்து ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால் ஊர் வந்துவிட்டது என்று நினைப்பார், நதியைப் பார்க்கும் வரை. ராவேர்கேடியில் 1740-இல் இறந்த பேஷ்வா பாஜிராவின் சமாதி. சாங்லிக்காரர் அங்கே வெகுநேரம் நின்றார். நான் வேப்பமரத்தடியில் தூங்கினேன். பகாவா ஊர் முழுக்க நதியில் எடுத்த கற்களைக் கடைந்து லிங்கம் செய்கிறார்கள். தெருவில் கால் வைத்ததுமே இயந்திரச் சத்தமும் கல்தூசியும்.

ஊருக்குள் நுழைந்தால் முதல் கேள்வி, "எத்தனை மூர்த்தி?" பரிக்ரமா போகிறவர்களை அப்படித்தான் எண்ணுகிறார்கள். இரண்டு மூர்த்தி என்றால் இரண்டு பேருக்கான கோதுமை மாவு, பருப்பு, உப்பு, மிளகாய், ஒரு துண்டு வெல்லம் கைக்கு வந்துவிடும். இதற்கு சதாவ்ரத் என்று பெயர். சில இடங்களில் பரம்பரையாக ஒரே குடும்பம் கொடுத்து வருகிறது. வாங்கிக்கொண்டு போய் நாமே சமைக்க வேண்டும். நான் தட்டிய ரொட்டியை முதல் நாள் தின்றுபார்த்த கண்டக்டர், மறுநாளிலிருந்து அடுப்புப் பக்கம் என்னை விடவில்லை. விறகு பொறுக்குவதும் பாத்திரம் தேய்ப்பதும் என் வேலையாயிற்று.

பல ஊர்களில் அதற்கும் வேலையில்லை, வீட்டுக்கே கூப்பிட்டுவிடுகிறார்கள். மர்தானாவைத் தாண்டி ஒரு விவசாயி வீடு. பொழுதுசாயப் பருத்தி எடுத்துவிட்டு வந்த அந்த வீட்டம்மா, கைகால் கழுவியதும் நேரே அடுப்புக்கு வந்தார். சோள மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து, ஓர் உருண்டையை எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் திருப்பித் திருப்பித் தட்டினார். பலகையும் இல்லை, கட்டையும் இல்லை. விரல்நுனியைத் தண்ணீரில் தொட்டு விளிம்பை மட்டும் ஒட்டினார். தாளித்த புளிச்சக்கீரை மசியல் ஒரு சட்டியில். மண் ஓட்டில் ஒரு பக்கம் வெந்ததும் எடுத்துத் தணல் ஓரமாக நிறுத்த, ரொட்டி உப்பியது. விரல்களில் பருத்திக்காய் கீறிய கோடுகள்.

"உங்கள் வீட்டில் ரொட்டி யார் தட்டுவார்கள்?" என்று கேட்டார். எங்கள் ஊரில் சோறுதான் என்றேன். "தினமுமா?" என்று கேட்டுவிட்டு, பாவப்பட்டு இன்னொரு ரொட்டி போட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். வாசலில் நின்று "வாருங்கள் மகராஜ்" என்று அழைப்பது ஆண்கள்தாம். வயலிலிருந்து வந்து இரண்டாவது உலை வைப்பது பெண்கள். நர்மதைக் கரையின் விருந்தோம்பலைப் பற்றி எழுதுகிற எல்லோரும் முதல் ஆளைப் படம்பிடிக்கிறார்கள்.

பட்யானில் சியாராம் பாபாவின் ஆசிரமம். 2024 டிசம்பரில் மறைந்தவர். யார் வந்தாலும், எவ்வளவு நீட்டினாலும் பத்து ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்பது அந்த மாவட்டம் முழுக்கத் தெரிந்த செய்தி. அப்படிச் சேர்ந்த பணத்தையும் கோயில்களுக்கும் படித்துறைக்கும் கொடுத்துவிட்டார். எனக்குப் பத்து ரூபாய்க்கும் வழியில்லாததால் கும்பிட்டுவிட்டு டீ மட்டும் குடித்தேன்.

எனக்குச் சொந்த ஊர் சிங்கம்புணரி. தை மாதம் குன்றக்குடியிலிருந்து பழநிக்குப் போகும் பாதயாத்திரைக் கூட்டம் எங்கள் ஊர் வழியாகத்தான் நத்தம், திண்டுக்கல் என்று போகும். நகரத்தார் காவடி எடுத்து வருவதைப் பார்க்கவே தனிக் கூட்டம் நிற்கும். வாசலில் அண்டா வைத்துச் சுக்குக்காப்பி ஊற்றுவதும், திண்ணையில் படுத்திருப்பவர்களைத் தாண்டி நடப்பதும் சின்ன வயதிலிருந்தே பழக்கம். கொடுக்கிற பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியும். வாங்குகிற பக்கம் நின்றது இங்கேதான். வாங்குவதற்குத்தான் அதிகப் பழக்கம் வேண்டியிருக்கிறது. எதிரே கைகட்டி நிற்பவர் நம் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்; வேண்டாம் என்றால் முகம் சுருங்கும், வேண்டும் என்றால் உள்ளே மாவு இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது.

கல்காட்

எதிர்க்கரையில் மகேஷ்வர். அகல்யாபாய் ஹோல்கரின் கோட்டை, படித்துறை, கோயில் விளக்குகள் எல்லாம் இந்தக் கரையிலிருந்து தெளிவாகத் தெரிந்தன. படகுக்காரன் வேறு, காசு வேண்டாம் வா என்கிறான். போக முடியாது, விதி.

அதற்குக் கீழே கல்காட்டில் ஆக்ரா–மும்பை நெடுஞ்சாலையின் பாலம். 2020 மே மாதம் மும்பை, புணே பக்கமிருந்து உத்தரப் பிரதேசத்துக்கும் பீகாருக்கும் தொழிலாளர்கள் நடந்து போன சாலை இது. தென்முனையில் டீக்கடை வைத்திருக்கும் ஒருவர் அந்த நாட்களைச் சொன்னார். கடை மூடிக் கிடந்தது. ஊரில் அவல் வசூலித்து அண்டா அண்டாவாகப் போஹா கிளறி ரோட்டோரம் வைத்தார்களாம். "அவர்களும் காசில்லாமல்தான் போனார்கள்" என்றார். "ஆனால் உங்களை மாதிரி யாரும் நின்று பேசவில்லை. வாங்கிக்கொண்டு தலை குனிந்து போய்விட்டார்கள்."

நான் காசை விட்டுவிட்டு வந்தவன், ஊரில் இருக்கிறது. அவர்களிடம் இல்லை. காசில்லாப் பயணம் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அந்தப் பாலத்தடியில் கொஞ்சம் குறைந்தது.

ராஜ்காட்

பட்வானிக்குப் பக்கத்தில் இருக்கும் ராஜ்காட்டில் காந்தி, கஸ்தூர்பா, மகாதேவ தேசாய் மூவரின் அஸ்தியும் வைத்த சமாதி இருந்தது. சர்தார் சரோவர் அணையின் உயரம் 138.68 மீட்டர். நீர் அந்த அளவுக்கு ஏறும் என்று 2017 ஜூலையில் சமாதியைப் பெயர்த்தெடுத்து மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். பழைய இடத்தில் நீர்மட்டம் இறங்கும்போது வெளிவரும் வண்டலும் பட்டுப்போன மரங்களும்தான்.

இதே பெயர் கொண்ட தில்லி ராஜ்காட்டிலிருந்து 1962-இல் இரண்டு இளைஞர்கள் காசில்லாமல் நடக்கத் தொடங்கினார்கள்: ராஜஸ்தான்காரர் சதீஷ் குமார், கேரளத்துக்காரர் இ.பி. மேனன். அணு ஆயுதம் வேண்டாம் என்று சொல்ல மாஸ்கோ, பாரிஸ், லண்டன் வழியாக வாஷிங்டன் வரை போய்ச் சேர்ந்தார்கள். காசு எடுத்துப் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பியவர் வினோபா. காசு இருந்தால் களைத்து வந்த இடத்தில் ஓட்டலில் தின்று விடுதியில் தூங்குவீர்கள், யார் வீட்டுக் கதவையும் தட்ட மாட்டீர்கள் என்பது அவருடைய வாதம். கதவு தட்டத் தொடங்கிய பிறகு எனக்கு அந்த வாதத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. கதவு திறக்காத வீடுகளும் உண்டு என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். சில ஆசிரமங்களில் சோற்றுக்கு முன் ஆதார் அட்டை. ஓர் இடத்தில் பெயருக்கு அடுத்து, "எந்த சமாஜ்?" என்று சாதியைக் கேட்டார்கள். பதிலைப் பொறுத்துப் பந்தி மாறுமா என்று சோதித்துப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே படுத்துக்கொண்டேன்.

சூல்பாணி காடு

பட்வானிக்கு மேற்கே சாத்புடா மலைக்குள் நுழைவதுதான் தென்கரையில் கடினமான பகுதி. பழைய கரைப்பாதை அணைநீருக்கு அடியில் போய்விட்டதால் இப்போது பாதை மலைமேல் ஏறி, மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டம் வழியாக, தட்காவ், மோல்கி என்று சுற்றிக் குஜராத்தில் இறங்குகிறது. காடு என்று பெயர்தானே தவிர, அங்கங்கே தேக்கும் இலுப்பையும் போக மிச்சமெல்லாம் மொட்டை மலை. பில், பாவ்ரா மக்களின் வீடுகள் தெருவாக இல்லை. ஒரு மேட்டுக்கு ஒரு வீடு. அடுத்த வீட்டுக்குப் போக ஓர் ஓடையில் இறங்கி ஏற வேண்டும்.

இந்தக் காட்டுக்கு ஒரு பழைய கெட்ட பெயர் உண்டு. பரிக்ரமா போகிறவர்களைப் பில்கள் வழிமறித்து, போர்வை, பாத்திரம், துணி எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு கோவணத்தோடு அனுப்புவார்கள். பறிகொடுத்தவர்கள் கோபப்பட மாட்டார்கள். நர்மதை தாய் என்றால் இவர்கள் மாமன்கள், மாமன் எடுத்துக்கொண்டான் என்று சொல்லிக்கொண்டு மேலே நடப்பார்கள். எனக்கு இந்தக் கதையில் பறிகொடுத்தவர்கள் சொன்னதுதான் கிடைக்கிறது. மாமன் தரப்பில் யாரும் எழுதி வைக்கவில்லை.

தட்காவுக்கு முந்தைய மலையில் எங்களைத் தங்கவைத்த பெரியவரிடம் சாங்லிக்காரர் துணிந்து கேட்டார், "மாமா, நிஜமாகவே கொள்ளையடித்தீர்களா?" அவர் சிரித்துக்கொண்டே, "எங்கள் தாத்தா காலத்தில்" என்றார். பிறகு என் பையை வாங்கித் திறந்து பார்த்தார். ஒரு வேட்டி, துண்டு, தட்டு, டம்ளர், போர்வை, நோட்டுப் புத்தகம். "உன்னிடம் எடுக்க என்ன இருக்கிறது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மாலையில் அவர் கைநீட்டிக் காட்டிய இடத்தில் நீர் கிடந்தது. அதற்கடியில் அவர் அப்பாவின் வயல். ஒரு மகன் தளோதாவுக்குக் கீழே மறுகுடியமர்வு ஊரில் இருக்கிறான், இவர் போகவில்லை. மேட்டில் மிஞ்சிய சரிவில் சோளமும் உளுந்தும் போடுகிறார். இரவுச் சாப்பாடு அதுதான்: சோள ரொட்டி, தோல் உளுந்துப் பருப்பு. பருப்பில் ஒரு புளிப்பு. புளியா என்றேன். அந்த அம்மா கூரையில் தொங்கிய பையை இறக்கி, கறுத்துச் சுருங்கிய மாங்காய்த் துண்டுகளைக் காட்டினார். கோடையில் காயவைத்து மோல்கி சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறார்கள், அந்த மலையின் ரொக்க வருமானம் பெரும்பாலும் அதுதான். விற்றது போக வீட்டுக்கு வைத்த ஒரு பை. அதில்தான் எங்கள் பருப்புக்கும் பங்கு.

குளிர் எலும்பில் ஏறியது. மூங்கில் தட்டிச் சுவரின் இடுக்கு வழியே காற்று. எங்களுக்குப் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த கோதடி ஒன்று போர்த்திக்கொள்ளக் கொடுத்தார்கள். புகைவாசம் அடித்தாலும் நல்ல கனம், படுத்ததும் தூங்கிவிட்டோம். விடியற்காலையில் சிறுநீர் கழிக்க எழுந்தபோதுதான் பார்த்தேன். அடுப்புக்கு அந்தப் பக்கம் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் சோளச் சாக்குகளுக்குள் புகுந்து, கோழிக்கூடையை ஒட்டிப் படுத்திருந்தார்கள். கோதடியை எடுத்துவந்து அவர்கள் மேல் போட்டேன். அந்த அம்மா எழுந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது கண்டக்டர் தன் உல்லன் சால்வையைப் படுத்த இடத்திலேயே விட்டுவிட்டார். அரை மைல் போவதற்குள் மூத்த பையன் ஓடிவந்து, மறந்துவிட்டீர்கள் என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான்.

காசில்லாமல் போகிறவனுக்குச் செலவே இல்லை என்று நினைக்கக் கூடாது. செலவு இருக்கத்தான் செய்கிறது, கணக்கு இன்னொரு வீட்டில் விழுகிறது. நிமாட் விவசாயி வீட்டில் விழுந்தால் தெரிவதில்லை. இந்த மலையில் விழுந்தால் ஒரு பை மாங்காய் வற்றல் ஒரு வாரம் முன்னதாகத் தீர்கிறது. அதற்கப்புறம் மலையில் இருந்தவரை ஒரு வீட்டில் இரவு, இன்னொரு வீட்டில் பகல் என்று பிரித்துக்கொண்டோம். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

மலைப்பாதை வளைவுகளில் குழந்தைகள் நின்று "நர்மதே ஹர்! பாபா, டாஃபி!" என்று கை நீட்டுகின்றன. முன்னால் போனவர்கள் மிட்டாய் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். எங்களிடம் இல்லை என்று வெறும் கையைக் காட்டினால் நம்புவதில்லை. ஒரு சிறுமி என் பையையே தட்டிப் பார்த்துவிட்டு, தான் கடித்துக்கொண்டிருந்த கொய்யாவில் பாதியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கோரா

மலை இறங்கினால் குஜராத். பழைய சூல்பாணேஷ்வர் கோயில் நீரில் மூழ்கியபின் கோராவில் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் 182 மீட்டர் உயரத்தில் படேல் சிலை, நாலுவழிச் சாலை, செல்ஃபி எடுக்கும் கூட்டம். எங்கள் வேட்டி அங்கே யாருக்கும் அறிமுகமாகவில்லை.

அதற்குக் கீழே சோற்றுக்குப் பஞ்சமே இல்லை. ஆசிரமத்துக்கு ஆசிரமம் கிச்சடி, கடி, கம்பு ரொட்டி, வெல்லம், டம்ளர் டம்ளராக மோர். மணி அடித்தால் பந்தி. பெயர் எழுதிக்கொண்டு பாய் கொடுக்கிறார்கள். வசதிதான், ஆனால் அந்தப் பக்கத்தில் பேசிய முகங்கள் எதுவும் எனக்கு நினைவில் இல்லை. வாழைத் தோட்டங்களைத் தாண்டிக் கரும்புக்காடு. வெட்டுகிற கூலிகள் வயலோரத்தில் பிளாஸ்டிக் கூடாரம் போட்டிருந்தார்கள். "நர்மதே ஹர்! எத்தனை மூர்த்தி?" என்ற குரல் கேட்டு நின்றோம். மோல்கிப் பக்கத்து ஆட்கள். அறுவடை முடியும்வரை குடும்பத்தோடு இங்கேதான். கறுப்பு டீ, பால் இல்லை. சர்க்கரை மட்டும் தாராளமாகப் போட்டார்கள்.

விமலேஷ்வர்

தென்கரை முடியும் இடம். எதிர்க்கரை மீட்டி தலாய்க்குப் படகு ஓதம் ஏறும்போதுதான் கிளம்பும், எத்தனை மணி என்று யாராலும் சொல்ல முடியாது. ஈரத்தரையில் கூட்டமாகப் படுத்துக்கிடந்தோம். நள்ளிரவுக்குமேல் விசில். வரிசையில் போய் நின்றால், படகுக்குக் கட்டணம் உண்டு. இத்தனை தூரத்தில் சோறு, டீ, பாய், கோதடி எதற்கும் கேட்காத காசை இங்கே கேட்கிறார்கள். ஓடத்துக்கு டீசல் வேண்டும், நியாயந்தான்.

"காசில்லையென்றால் ஓரமாக நில்" என்றார் சீட்டு கிழிப்பவர். கண்டக்டர் வேட்டி மடிப்பிலிருந்து புகையிலைப் பையை எடுத்தார். உள்ளே நாலாக மடித்த நோட்டுகள். "மனைவி வைத்துவிட்டாள், மருந்துக்கு" என்று முணுமுணுத்துவிட்டு இரண்டு மூர்த்திக்கும் கட்டினார். "முப்பது வருஷமாக டிக்கெட் இல்லாதவனை நடுரோட்டில் இறக்கிவிட்டவன் நான். உனக்கு டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கிறது பார், அண்ணா."

கழிமுகத்தில் அலை அதிகமில்லை, ஆட்டம்தான் அதிகம். பாதிப்பேர் வாந்தி எடுத்தார்கள், மீதிப்பேர் பஜனை பாடினார்கள். நடுவில் குப்பியிலிருந்த நதிநீரில் பாதியைக் கடலில் விட்டுக் கடல்நீரைச் சேர்த்துக்கொண்டோம். விடிந்தபோது தகேஜ் தொழிற்சாலைகளின் புகைக்குழாய்கள். முழங்கால் சேற்றில் இறங்கிக் கரையேறினோம். கண்டக்டர் கிழக்கே திரும்பி நடந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: தீபாவளி கழிந்து வரும் ஏகாதசிக்குப் பிறகு கிளம்புங்கள். தட்டு, டம்ளர், கனமான போர்வை, ஆதார் நகல் போதும். தங்கும் வீட்டில் தண்ணீரை நீங்களே எடுத்து ஊற்றுங்கள், பாத்திரத்தை நீங்களே தேயுங்கள். சூல்பாணி மலைக்கு மிட்டாய் வேண்டாம், பென்சில் கொண்டுபோங்கள். அங்கே ஒரு வீட்டில் இரண்டு வேளை சாப்பிடாதீர்கள். படகுக் கட்டணத்தை மட்டும் வேட்டியில் முடிந்துகொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரு கண்டக்டர் கிடைக்க மாட்டார்.